ஆவுளியா மேய்ந்த கடல்

எனக்கு நீந்தத் தெரியாது. பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து, பொன்மலைப் பட்டறையிலேயே ஃபிட்டராகச் சேர்ந்தவன் நான். காவேரிக்குப் போனாலும் படித்துறையில் உட்கார்ந்து சொம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டு வந்துவிடுவேன். என் மனைவி அப்படியில்லை. அவள் ஸ்ரீரங்கத்துக்காரி. அவளுடைய அப்பாவுக்குக் கொள்ளிடக் கரையோரம் பூந்தோட்டம் இருந்தது. விடிகாலையில் பூப்பறித்து முடித்ததும் அண்ணன்களோடு ஆற்றில் குதித்துப் பழகியவள். கல்யாணமான புதிதில், ஆடியில் தண்ணீர் புரண்டு வந்தபோது, புடவையைக் கச்சமாக வரிந்து கட்டிக்கொண்டு அவள் நடு ஆற்றுத் திட்டுவரை போய்த் திரும்பியதைக் கரையிலிருந்து பார்த்தேன். அவள் ஏறி வந்த பிறகும் கரையோர மரத்தைப் பிடித்திருந்த கையை நான் எடுக்கவில்லை. அவள் சிரித்தாள்.

தென்னூரில் ஒரு பெண்கள் பள்ளியில் அவள் சயன்ஸ் டீச்சர். அறுபதுகளின் தொடக்கம் அது. பள்ளியில் ஒரு கண்ணாடி பீரோ உண்டு. அதில் வரிசையாகப் பாட்டில்கள். மருந்துத் தண்ணீரில் ஊறிக் கிடக்கும் கடல் ஜீவன்கள்: கடல் குதிரை, நட்சத்திர மீன், கடல் அட்டை, எட்டுக் கால்களையும் சுருட்டிக்கொண்ட ஒரு பேய்க்கணவாய். எல்லாவற்றுக்கும் ஒரே நிறம். ஊறிப்போன மாவடுவுக்கு வருமே, அந்த நிறம்.

ஒருநாள் வேலை முடிந்து நான் சைக்கிளை நிறுத்தும்போதே வாசலுக்கு வந்துவிட்டாள்.

"இன்னைக்கு கிளாஸ்ல ஒரு பொண்ணு கேட்டுட்டா. 'டீச்சர், இதெல்லாம் உசிரோட இருக்கறப்ப என்ன கலர்ல இருக்கும்?'னு."

"நீ என்ன சொன்னே?"

"தெரியாதுன்னு சொன்னேன். வேற என்ன சொல்றது? நான் கடலையே பாத்ததில்ல."

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது அவள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரிந்தது. இரண்டு நாள் கழித்து, கொஞ்சம் தயங்கி, "உங்களுக்கு ரயில்வே பாஸ் இருக்கில்ல?" என்றாள்.

குவார்ட்டர்ஸில் எல்லோரும் பாஸ் வாங்கி ராமேஸ்வரத்துக்கும் திருப்பதிக்கும் போய்வருவார்கள். நாங்களும் ராமேஸ்வரம் போவதாக என் அம்மாவிடம் சொன்னோம். அது பொய்யில்லை. சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பும் வழியில் மண்டபத்தில் இறங்கி, அங்கிருந்து தென்கரையோரமாகவே மேற்கே கீழக்கரைவரை நடக்கப்போகிறோம் என்பதை மட்டும் சொல்லவில்லை. வயசுப் பெண் ஒருத்தி, முதுகில் மூட்டையோடு, கடற்கரையில் நாலு நாள் நடக்கப்போகிறாள் என்று சொன்னால் அம்மா என்னைத்தான் முதலில் டாக்டரிடம் கூட்டிப் போயிருப்பாள்.

ஏற்பாடெல்லாம் நான்தான் செய்தேன். பட்டாளத்திலிருந்து திரும்பிய நண்பர் ஒருவரிடம் இரண்டு காக்கித் தோள்பைகள் இருந்தன, இரவல் வாங்கினேன். அவல், பொட்டுக்கடலை, கருப்பட்டி, ஒரு டப்பா புளிக்காய்ச்சல், ஆளுக்கொரு போர்வை. பிறகு அவள் கேட்ட சாமான் ஒன்று. மேலே வெயில் பளபளப்பதால் தண்ணீருக்குள் இருப்பது கண்ணுக்குப் படாது, அடியில் கண்ணாடி வைத்த டப்பா ஒன்று இருந்தால் அதை அழுத்திக்கொண்டு உள்ளே பார்க்கலாம் என்று எங்கேயோ படித்திருந்தாள். மண்ணெண்ணெய் டின் ஒன்றின் அடியை வெட்டியெடுத்து, கண்ணாடி பொருத்தி, ஓரத்தில் ஜன்னல் கண்ணாடிக்கு வைக்கும் மக்கும் தாரும் பூசினேன். குவார்ட்டர்ஸ் தொட்டியில் வைத்துப் பார்த்தபோது இரண்டு தடவை ஒழுகியது. மூன்றாம் தடவை நின்றது. தொட்டிக்கடியில் கிடந்த பாசியும் ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் துல்லியமாகத் தெரிந்தன.

பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை விட்ட அடுத்த வாரம் கிளம்பினோம். ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடி, பிராகாரம் சுற்றி, மறுநாள் விடியற்காலை மண்டபத்தில் இறங்கினோம். தென்பக்கக் கரைக்கு வந்து, கடல் இடது கைப்பக்கம் இருக்கும்படி நடக்க ஆரம்பித்தோம். காற்று அவ்வளவாக இல்லை. தண்ணீர் தட்டில் ஊற்றி வைத்ததுபோலக் கிடந்தது. கொஞ்ச தூரம் போனதுமே செருப்பைக் கழற்றிப் பையில் கட்டிவிட்டோம்.

வெயில் ஏறுவதற்கு முன் கரையோரம் பாறைகள் தலைகாட்டின. தண்ணீர் வற்றியிருந்த நேரம். பாறைக்குழிகளில் இடுப்பளவும் முழங்காலளவுமாகக் கடல் தேங்கியிருந்தது. ஒரு குழியருகே அவள் குந்தி உட்கார்ந்தாள். கை காட்டினாள்.

"அந்தக் கல்லப் பாருங்க."

"பாத்தேன். கல்லுதான்."

"கண்ணு இருக்கு பாருங்க அதுக்கு."

நான் டின்னைத் தண்ணீரில் வைத்துக் குனிந்தேன். பழுப்புநிறச் சொரசொரப்புக் கல். அதில் ஒரு கண் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கல் வெளுத்தது. பிறகு செங்கல் நிறமானது. பிறகு புள்ளி புள்ளியாக ஏதோ உடம்பு முழுக்க ஓடியது. எட்டுக் கால்களும் தனித்தனியாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் துழாவின. எங்கள் பட்டறையில் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு பாய்லரைத் திருப்புவோம். ஒருவர் கைக்கு மற்றவர் கை குறுக்கே வராமல் திருப்ப எத்தனை கத்தல் வேண்டும்! இது சத்தமே இல்லாமல் அந்த வேலையைச் செய்தது. பிறகு ஒரு விரல்கூட நுழையாத பிளவு ஒன்றுக்குள் உடம்பை ஊற்றிக்கொண்டு போய்விட்டது.

"ஐயோ, அது மாவடுக் கலரே இல்லைங்க!" என்று அவள் கத்தினாள். "பீரோவுல இருக்கறது ஒண்ணுமே அது இல்ல!"

அன்று முழுக்க நாங்கள் நடந்தது கொஞ்சம்தான். பத்தடி நடப்போம், உட்காருவோம். நோட்டில் அவள் நிறங்களை எழுதினாள். கடல் அட்டைக்கு 'மேலே கறுப்பு, வயிறு ரோஸ்' என்று எழுதினாள். நீலத்தில் மஞ்சள் கோடு போட்ட சின்ன மீன் கூட்டம் ஒன்றைப் பார்த்து எதுவும் எழுதாமல் பென்சிலைக் கடித்துக்கொண்டு நின்றாள். மாலையில் தூரத்தில் நாலைந்து ஓங்கில்கள், டால்பின்கள்தான், முதுகைக் காட்டிக் காட்டி மேற்கே போயின. எங்களோடு கூட வருவதுபோல இருந்தது. அன்று ஒரு கிராமத்து ஆரம்பப் பள்ளியின் தாழ்வாரத்தில் படுத்துக்கொண்டோம்.

மறுநாள் மதியம் பனங்காட்டுக்கும் கடலுக்கும் நடுவில் பத்துப் பதினைந்து வீடுகள் உள்ள ஒரு சின்ன ஊருக்கு வந்தோம். வள்ளம் ஒன்றின் நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார் ஒருவர். நாற்பது வயதிருக்கும். எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்த ஊரு?"

"திருச்சிங்க."

"திருச்சியிலேருந்து நடந்தா வர்றீக?"

"மண்டபத்திலேருந்துங்க. கடல் பாக்க வந்தோம்."

அவருக்கு அது நம்பும்படி இல்லை. வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். அவருடைய மனைவி வந்தார். தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இடுப்பில் ஈரமான ஒரு வலைப்பை, அது நிறையக் கடற்பாசி. அந்த அம்மாள் என் மனைவியின் கழுத்தைத்தான் முதலில் பார்த்தார். தாலி இருந்தது. அப்புறமும் சந்தேகம் தீரவில்லை.

"தங்கச்சி, உள்ளதச் சொல்லு. வீட்டுக்குத் தெரியாம வந்துட்டீகளா?"

என் மனைவிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "கல்யாணமாகி ஒரு வருஷமாச்சு அக்கா. இவங்க ரயில்வேல வேலை பாக்கறாங்க. நான் டீச்சர். ஆனா ஒண்ணு, நாங்க இங்க நடந்துகிட்டிருக்கறது என் மாமியாருக்குத் தெரியாது."

அதைக் கேட்டு அந்த அம்மாளும் சிரித்துவிட்டார். அத்தோடு நாங்கள் விருந்தாளிகள். கஞ்சியும் சுட்ட கருவாடும் வந்தன. என் மனைவி சாப்பிடுவதை விட்டுவிட்டு அந்தப் பாசிப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இத முங்கியா எடுக்கறீங்க?"

"பின்னே? பாறையில ஒட்டிக்கிட்டுல்ல கெடக்கும். நாங்க நாலஞ்சு பொம்பளைக போவோம். ஒரு மூச்சுக்கு ஒரு பிடி."

"என்னையும் கூட்டிட்டுப் போவீங்களா?"

"நீஞ்சத் தெரியுமா ஒனக்கு?"

"கொள்ளிடத்துல நீஞ்சுவேன்."

"கொள்ளிடமாவது! இது கடலு." ஆனால் மறுநாள் காலையில் நாலு பேரும் வள்ளத்தில் ஏறினோம்.

கரையிலிருந்து தெரிந்த தீவு ஒன்றுக்குப் பக்கமாகப் போனோம். அங்கே தண்ணீரின் நிறம் மாறியது. நீலம் போய், நாற்று நட்ட வயலைப் போல ஒரு பச்சை. அவர் பாயைச் சுருட்டிக் கழியை ஊன்றினார்.

"பூராவும் புல்லு டீச்சரம்மா. கடல்புல்லு. ஆவுளியா மேயிற எடம்."

"ஆவுளியான்னா?"

"கடல்பசுன்னு சொல்வாக. மீனு மாதிரி இருக்கும், மீனில்ல. பசுவாட்டம் பாலு குடுக்கும். பாத்தா ஒங்க அதிர்ஷ்டம். ரொம்பக் கூச்சப்படும்."

அவளுடைய புத்தகத்தில் அதைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்ததாம். படம்கூட இல்லை. பெண்கள் இருவரும் புடவையை இறுக்கிக்கொண்டு இறங்கினார்கள். முதல் முங்கலில் அந்த அம்மாள்தான் முந்தினார். அடுத்ததில் என் மனைவியும் கூடவே போனாள். அந்த அம்மாள் தலையை வெளியே நீட்டி, "இவ மீனுக்குப் பொறந்தவ!" என்று கணவரிடம் கத்தினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை, பயமும் தாங்கவில்லை.

டின்னைத் தண்ணீரில் அழுத்தி நான் குனிந்து பார்த்தேன். வள்ளத்தின் நிழல் விழுந்து உள்ளே இருட்டாக இருந்தது.

"எறங்கிப் பாருங்க அண்ணாச்சி. கழுத்தளவுதான்" என்றார் அவர்.

"நமக்கு அது ஆகாதுங்க."

"கயித்தப் பிடிச்சுக்கங்க. நான் இருக்கேன்ல?"

எப்படி இறங்கினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒரு கையில் கயிறு, ஒரு கையில் டின். காலுக்கடியில் புல் வழுக்கியது. நெஞ்சு அடித்துக்கொண்டதில் தண்ணீரே ஆடுவதுபோல இருந்தது. முகத்தை டின்னுக்குள் வைத்த பிறகுதான் மூச்சு வந்தது.

பச்சைப் புல் காற்றில் சாய்வதுபோல ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்துகொண்டிருந்தது. மேலிருந்து வெயில் சல்லடையாக இறங்கியது. அந்த வெளிச்சத்தில் என் மனைவி கையைக் காலை அசைக்காமல், புல்லுக்கு மேலே ஒரு முழ உயரத்தில், படுத்தாற்போல மிதந்தபடி நின்றிருந்தாள். அவள் ஏன் அசையவில்லை என்று ஒரு கணம் கலங்கிப்போனேன். அப்புறம்தான் அவளுக்கு எதிரில் இருந்ததைப் பார்த்தேன்.

முதலில் மண் புகைந்தது தெரிந்தது. புகைக்குள்ளிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய உடம்பு வந்தது. எருமைக்கன்றின் பருமன் அல்ல, முழு எருமையின் பருமன். முன்னால் இரண்டு துடுப்புக் கைகள். அவற்றை ஊன்றி ஊன்றித் தரையில் நடப்பதுபோல வந்தது. அகலமான மூஞ்சியைக் கீழே கவிழ்த்து, புல்லை வேரோடு பிடுங்கிப் பிடுங்கித் தின்றது. போன வழியெல்லாம் ஏர் ஓட்டியதுபோல வெள்ளையாக ஒரு தடம். அதன் முதுகுக்கு மேலே, நிழலைப் போல ஒட்டிக்கொண்டு, குட்டி ஒன்று.

இரண்டும் சேர்ந்து மேலே எழும்பின. நான் முகத்தை வெளியே எடுத்தேன். வள்ளத்துக்குப் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, சத்தமில்லாமல் ஒரு மூஞ்சி நீருக்கு மேலே வந்தது. அதன் உச்சியில் இரண்டு மூக்குத் துளைகள். 'புஸ்' என்று திறந்தன. மூச்சு வாங்கியதும் உள்ளிருந்து இரண்டு மூடிகள் வந்து துளைகளைக் கச்சிதமாக அடைத்தன. பக்கத்திலேயே குட்டியின் மூஞ்சி. அதிலும் அதே மூடிகள், சின்ன அளவில். பதினைந்து வருஷமாக எஞ்சின் வால்வுகளோடு மல்லுக்கட்டியவன் நான். ஒரு சொட்டுக்கூடக் கசியாத வால்வை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மூன்று தடவை அப்படி எழும்பி இறங்கின. அப்புறம் தாய்க்கு என்ன தோன்றியதோ, வாலை ஒரே ஒரு முறை கீழ்நோக்கி அடித்தது. புல் மொத்தமும் சாய்ந்தது. இரண்டும் ஆழத்துப் பக்கம் போய்விட்டன.

என் மனைவி மேலே வந்து வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் கழுத்தளவு கடலில் நிற்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"நீங்களா இறங்கினீங்க?" என்றாள்.

அன்று இரவும் அவர்கள் வீட்டிலேயே தங்கினோம். மறுநாள் விடிந்து நாங்கள் எழுந்து வந்தபோது கரையில் கூட்டம். ஊரே நின்றது. நடுவில் மணலில் ஓர் ஆவுளியா கிடந்தது. பெரிய கண்ணி வலையில் விடியுமுன் சிக்கி, மூச்செடுக்க மேலே வர முடியாமல் செத்திருந்தது. வலை நேற்று எங்களைக் கூட்டிப் போனவருடையது. அவர்தான் கத்தியோடு நின்றார். எங்களைக் கண்டதும் சிரித்தார். அவருக்கு அது நல்ல நாள், ஊருக்கே கறி.

என் மனைவியின் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். அவளைத் திரும்பக் கூட்டிப் போய்விடலாம் என்று கையைத் தொட்டேன். அவள் கையை விடுவித்துக்கொண்டு கூட்டத்துக்குள் போனாள்.

"இது நேத்துப் பாத்ததா?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. "இல்ல டீச்சரம்மா. இது ஆணு. பாருங்க."

அவள் பார்த்தாள். பிறகு நான் எதிர்பார்க்காத காரியம் ஒன்று செய்தாள். புடவையைச் செருகிக்கொண்டு மணலில் அவர் பக்கத்திலேயே குந்தினாள்.

"எப்படியும் அறுக்கப்போறீங்க. வயித்த முதல்ல திறந்து காட்டுவீங்களா? என்ன தின்னுருக்குன்னு பாக்கணும்."

அவர் திறந்து காட்டினார். உள்ளே மீன் இல்லை, நண்டு இல்லை. அரைபட்ட பச்சைப் புல், கூடை கூடையாக. மாட்டுத் தொழுவத்து வாசனை அடித்தது. அவள் கையை முழங்கைவரை விட்டு ஒரு பிடி எடுத்துப் பிரித்துப் பார்த்தாள். பல்லைப் பார்த்தாள். துடுப்புக் கையைப் பிடித்துத் தோலுக்குள் விரல் எலும்புகளை ஒவ்வொன்றாகத் தடவி எண்ணினாள். "அஞ்சு இருக்கு" என்று என்னிடம் சொன்னாள். "நம்ம கை மாதிரியே." அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டேயிருந்தது. துடைத்துக்கொள்ளக் கை சுத்தமாக இல்லை. நோட்டை நான் எடுத்துக்கொண்டு, அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்.

சத்தம் போட்டுக்கொண்டிருந்த ஊர் ஜனம் மெல்ல அடங்கி அவளையே பார்த்தது. அவர்கள் வாழ்நாளெல்லாம் பார்த்த பிராணி அது. இப்படி ஒருத்தி பார்த்து அவர்கள் பார்த்ததில்லை.

அறுத்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: "ஏன் டீச்சரம்மா, இது எத்தன வருசத்துக்கு ஒரு குட்டி போடும்?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"எங்களுக்கு எங்க தெரியும்? சிக்குறதுதான் தெரியும்."

"எனக்கும் தெரியலைங்க. கேட்டு எழுதறேன்."

மத்தியானம் அவர்கள் வீட்டில் அந்தக் கறிதான். அந்த அம்மாள் என் மனைவியை வற்புறுத்தவில்லை; அவளுக்குத் தனியாகப் புளிச்சாறு வைத்தார். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது பொய்யாகிவிடும். அவள் என்னை ஒன்றும் சொல்லவில்லை. புறப்படும்போது அந்த அம்மாள் இவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "அடுத்த வருசம் மூச்ச இன்னும் கொஞ்சம் தம் கட்டிப் பழகிட்டு வா" என்றார்.

அன்று பொழுது சாய்வதற்குள் கீழக்கரைக்கு வந்து பஸ் பிடித்தோம். பொன்மலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். மூக்கும் நெற்றியும் தோலுரிந்து கிடந்தன.

"ராமேஸ்வரத்துல கோயிலுக்குக் கூரை இல்லையாடா?" என்றாள்.

என் மனைவியே எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா முதலில் கோபப்பட்டாள். ஆவுளியாவின் குட்டி முதுகோடு ஒட்டிக்கொண்டு போன இடம் வந்ததும் கோபத்தை மறந்துவிட்டு, "பால் எப்படிடி குடிக்கும், தண்ணிக்குள்ள?" என்று கேட்டாள். அதற்கு இவளுக்குப் பதில் தெரிந்திருந்தது. கைக்கு அடியில், அக்குளில் காம்பு இருக்கும் என்று வள்ளத்தில் வரும்போதே கேட்டு வைத்திருந்தாள்.

பள்ளி திறந்ததும் பீரோவிலிருந்த ஒவ்வொரு பாட்டிலுக்கும் பக்கத்தில் ஓர் அட்டை வைத்தாள். ஒவ்வோர் அட்டையிலும் உயிரோடிருக்கும்போது அதன் நிறம் என்ன என்று வர்ணம் பூசியிருந்தாள். பேய்க்கணவாய்க்கு மட்டும் ஏழு அட்டைகள். அப்புறம் ஊரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்த பேராசிரியரைத் தேடிப்போய், ஆவுளியா எத்தனை வருஷத்துக்கு ஒரு குட்டி போடும் என்று கேட்டாள். அவருக்கும் உடனே தெரியவில்லை. அவர் வேறு எங்கேயோ எழுதிக் கேட்டுச் சொல்ல இரண்டு மாதம் ஆனது. ஒரு தடவைக்கு ஒரே குட்டி, அதுவும் பல வருஷங்களுக்கு ஒருமுறை.

அதை அப்படியே ஒரு கார்டில் எழுதி அந்த ஊருக்குப் போட்டாள். 'பிடிக்காதீர்கள்' என்று எழுதவில்லை. எழுதச் சொல்லி நான் சொன்னேன். "அவங்க கேட்டது எத்தனை வருஷம்னுதான். அதத்தான் சொல்லணும்" என்றாள்.

மழைக்காலம் முடியும்போது பதில் வந்தது. யாரோ எழுதத் தெரிந்தவர் எழுதியிருந்தார். 'தங்கள் கடிதத்தை வள்ளக்காரருக்குப் படித்துக் காட்டினேன். அப்படியா என்று கேட்டார். திரும்பவும் படிக்கச் சொன்னார். அவர் சம்சாரம் தங்களை எப்போது வருவீர்கள் என்று கேட்கச் சொன்னது.'

அவள் அன்றைக்கே பதில் எழுதினாள். நான்தான் சைக்கிளில் கொண்டுபோய்ப் போஸ்ட் ஆபீஸில் போட்டேன். வந்த கோடையில் எங்களால் போக முடியவில்லை; அவள் நிறைமாதம். அதற்கடுத்த வருஷம் கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போகலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. தானும் வருவதாகச் சொல்லிவிட்டாள்.